ரஞ்சன்குடிக் கோட்டையும் துரத்தக் கூடாத குதிரைகளும்



போன மாதம் ரஞ்சன்குடிக் கோட்டையின் படங்கள் சிலவற்றை இங்கே போட்டிருந்தேன். அதன் கீழே பழைய மாணவர் ஒருவர், "ஐயா, செஞ்சி மாதிரி மலையும் இல்லை, தஞ்சாவூர் மாதிரி அரண்மனையும் இல்லை. பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கும் இந்தச் சின்னக் கோட்டைக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஏன் அடித்துக்கொண்டார்கள்?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் போட்டால் சரியாக இருக்காது என்பதால் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்றால், குதிரை.

முதலில் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வாலிகண்டபுரம், அதைத் தாண்டி ரஞ்சன்குடி. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சைமலை. நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை திறந்த கரிசல் வெளி. ஆற்காட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் படை எதுவானாலும் இந்த வெளியைக் கடந்துதான் போக வேண்டும். இன்று பேருந்து ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை, பீரங்கியும் பொதிமாடும் இழுத்துக்கொண்டு போன படை நாள் கணக்கில் கடந்தது. ஆனால் குதிரைக்காரனுக்கு இது சமைத்துப் போட்ட சோறு. ஓடுவதற்கும் வளைப்பதற்கும் மறைவதற்கும் இதைவிடத் தோதான மண் கிடையாது.

18ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணைக் கலக்கியது இலகு குதிரைப்படை. அதன் வேலை எப்படி என்பதற்கு 1741ஆம் ஆண்டு ஒன்றே போதும். அதற்கு முந்தைய ஆண்டு மராட்டியர் தாமல்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றிருந்தார்கள். திருச்சிக் கோட்டையில் அவர் மருமகன் சந்தா சாகிப் தானியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முற்றுகை போட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்று ரகூஜி போன்ஸ்லேவுக்குத் தெரியும். அதனால் படை திரும்பிப் போவது போலப் போக்குக் காட்டினார். ஆபத்து நீங்கியது என்று நம்பி, சந்தா சாகிப் சேர்த்து வைத்த தானியத்தை விற்றுவிட்டார். விற்ற செய்தி போன உடனே குதிரைகள் திரும்பி வந்தன. 1741 மார்ச்சில் கோட்டை விழுந்தது, சந்தா சாகிப் கைதியாகச் சதாராவுக்குப் போனார். திருச்சியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவர் முராரி ராவ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, குதிரைப்படை கோட்டைச் சுவரை இடித்து ஜெயிக்கவில்லை என்பது. எதிரி எப்போது அசருவான் என்று காத்திருந்து, அசந்த நேரத்தில் அங்கே இருந்தது. வேகம் என்பது வெறும் ஓட்டம் இல்லை பிள்ளைகளே. சண்டை எங்கே, எப்போது என்று முடிவு செய்யும் உரிமை அது.

சரி, இவ்வளவு வேகம் உள்ளவனுக்குப் பலவீனமே இல்லையா? மூன்று இருந்தன.

ஒன்று, குதிரை விலை உயர்ந்த பொருள். நம் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை எளிதில் வளராது. பாண்டியர் காலத்திலேயே அரேபியாவிலிருந்து கப்பலில் இறக்கினார்கள். மராட்டியப் படையில் பலருக்குக் குதிரை அவரவர் சொந்தச் சொத்து. குதிரை செத்தால் பிழைப்பே போயிற்று. அப்படிப்பட்டவன் நெருங்கி வரும் வரை காத்திருந்து சுடும் பீரங்கி முன்னால் பாய்வானா? ஹைதர் அலியே, ஆயிரம் ரூபாய்க் குதிரையை இரண்டு காசுக் குண்டுக்கு எதிரே நிறுத்த மாட்டேன் என்ற பொருளில் பேசியதாக ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, குதிரைக்கு மதில் ஏறத் தெரியாது. பெரிய பீரங்கியை இழுத்து வந்தால் வேகம் போய்விடும். வேகம் வேண்டுமென்றால் பீரங்கியை விட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்று, தீனியும் தண்ணீரும். ஆயிரக்கணக்கான குதிரைகள் ஒரே இடத்தில் பல நாள் நிற்க முடியாது. சுற்றியுள்ள வைக்கோலும் சோளத்தட்டையும் தீர்ந்ததும் இடம் மாறியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். என் பேரன் கணினியில் மெக்வாரியர் என்று ஒரு விளையாட்டு ஆடுகிறான். ஆளை உள்ளே உட்கார வைத்து நடக்கும் ராட்சத இயந்திரங்கள். 100 டன் வரை எடை உள்ளவை உண்டு. 20 டன் முதல் 35 டன் வரை உள்ள இலகு ரகமும் உண்டு. இந்தச் சின்னது பெரியதன் முதுகுப் பக்கம் சுற்றி வந்து, கவசம் மெல்லிதாக இருக்கும் இடத்தில் சுட்டுவிட்டு ஓடிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் கோபத்தில் அதைத் துரத்திக்கொண்டு போய்த் தனியாக மாட்டிக்கொள்வார்கள். பழகியவர்கள் துரத்த மாட்டார்கள். சுவரில் முதுகை வைத்துக்கொள்வார்கள், கூட்டாளி பக்கத்தில் நிற்பார்கள், அது கிட்டே வரும்போது காலைக் குறி வைப்பார்கள். கால் போனால் வேகம் போச்சு. பையன் இதை விளக்கியபோது எனக்குக் கர்நாடகப் போர்கள்தான் ஞாபகம் வந்தன. சுவர், கூட்டு, கால். இந்த மூன்றையும் நம் முன்னோர் காலத்துப் படைகள் ரத்தம் சிந்திக் கற்றன.

முதலில் சுவர். இங்கேதான் ரஞ்சன்குடி வருகிறது. ஆங்கிலேயர் வால்கொண்டா என்று எழுதியது வாலிகண்டபுரத்தை ஒட்டிய இந்தக் கோட்டையைத்தான். கற்பாறை மேல் முட்டை வடிவம், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி, படிப்படியாக உயரும் மூன்று சுற்று மதில்கள். கீழே பேட்டை, மேலே கோட்டைமேடு. பெரிய முற்றுகையைத் தாங்கும் கோட்டை இல்லை. ஆனால் குதிரைப்படையிடமிருந்து ஆளையும் மாட்டையும் தானியத்தையும் காப்பாற்ற இது போதும். திறந்த வெளியில் இப்படி ஒரு சுவர் இருந்தால், வழியில் போகும் படைக்கு முதுகு வைக்க இடம் கிடைத்தது என்று அர்த்தம்.

1751 ஜூலையில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலிக்காக வந்த கம்பெனிப் படை மறுபக்கம். கம்பெனிப் படைக்குத் தலைவர் கேப்டன் ஜிஞ்சன். கூடவே, அப்போது உணவுப் பொருள் பொறுப்பில் இருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். கோட்டைத் தலைவர் இரு பக்கமும் பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார். சண்டை தொடங்கியதும் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதியடைந்து ஓடினார்கள். ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கிக் கொள்ளிடம் தாண்டித்தான் மூச்சு விட்டார்கள்.

அடுத்த ஆண்டு இதே இடத்தில் பாத்திரங்கள் இடம் மாறின. ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் படைக்கு உதவி கொண்டு வந்த தொத்தேல் என்ற தளபதியைக் கிளைவ் வழிமறித்தார். இந்த முறை மராட்டியக் குதிரைகள் கிளைவின் பக்கம் இருந்தன. தொத்தேல் ஊட்டத்தூரிலிருந்து வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினார். கோட்டை அவருக்குக் கைகொடுக்கவில்லை. முதுகு வைக்கச் சுவர் கிடைக்காத படை 1752 ஜூனில் சரணடைந்தது. சில நாளில் ஸ்ரீரங்கமும் சரண், சந்தா சாகிபும் கொல்லப்பட்டார். மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கோட்டை சின்னதுதான். ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதில் திருச்சியின் தலைவிதி இருந்தது.

அடுத்து கூட்டு. 1753இல் முராரி ராவ் பக்கம் மாறி, மைசூரோடும் பிரெஞ்சோடும் சேர்ந்திருந்தார். திருச்சியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் குதிரை. நம்மில் பலர் ரயில்வே பணிமனைக்காக அறிந்த பொன்மலையில் அந்த ஆண்டு பெரிய சண்டை நடந்தது. மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சிறு படையோடு பாறையை மீட்டு, பிரெஞ்சு பீரங்கிகளையும் பிடித்தார். ஆனால் ஜெயித்த பிறகுதான் உண்மையான சோதனை. பிடித்த பீரங்கிகளோடு திறந்த வெளியைக் கடந்து முகாமுக்குத் திரும்ப வேண்டும், சுற்றிலும் குதிரைகள். அவர் வரிசை குலையாமல் எல்லாரையும் நெருக்கமாக வைத்துக்கொண்டு நடந்தார். குதிரைகள் பாய்ந்து வந்தபோது நின்றார்கள். தூரத்தில் இருக்கும்போது சுட்டு மருந்தை வீணாக்காமல், கிட்டே வரவிட்டுச் சுட்டார்கள். குதிரைகள் விலகின. யாரும் துரத்திப் போகவில்லை.

இதே பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை 1754 பிப்ரவரி காட்டியது. தொண்டைமான் காட்டுப் பக்கமிருந்து திருச்சிக்குத் தானியம் வந்துகொண்டிருந்தது. காவலுக்குப் போன படையில் லாரன்ஸின் மிகச் சிறந்த கிரெனேடியர் வீரர்கள் இருந்தார்கள். படைத்தலைவர் அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வண்டி வரிசையின் இரு பக்கமும் நீளமாக நிறுத்திவிட்டார். எல்லா இடத்தையும் காக்க நினைத்து எந்த இடத்திலும் பலம் இல்லாமல் போயிற்று. முராரி ராவின் குதிரைகள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. பொன்மலையில் குதிரைகளுக்கு அசையாமல் நின்ற அதே வீரர்கள்தான். நின்ற விதம் வேறு, முடிவும் வேறு.

மூன்றாவது, கால். அதாவது ஓட வைப்பது எதுவோ அதைத் தட்டுவது. இதில் கம்பெனிக்கு மிகக் கடினமான வாத்தியார் ஹைதர் அலி. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் அவரை வென்றார். வென்று என்ன பயன்? துரத்தக் குதிரை இல்லை, சோறு சுமக்கப் போதிய மாடு இல்லை. வென்றவர் இருந்த இடத்திலேயே இருக்க, தோற்றவர் போன திசையே தெரியவில்லை. 1769 மார்ச்சில் ஹைதர் காலாட்படையையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு, 6,000 குதிரைகளோடு மூன்றரை நாளில் சுமார் 130 மைல் கடந்து பரங்கிமலைக்கு வந்து நின்றார். ஸ்மித்தின் படை பின்னால் எங்கேயோ இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை அரசு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. ஒரு பெரிய சண்டை கூட இல்லாமல் கிடைத்த சமாதானம் அது.

1781இல் சர் அயர் கூட் வேறு வழி கண்டார். சிதம்பரம் கோயில் அப்போது ஹைதர் படையின் அரணாக இருந்தது. அதைத் தாக்கித் தோற்ற பிறகு, கடற்கரையை விட்டு விலகாமல் இருந்தார். குதிரை தண்ணீரில் ஓடாது அல்லவா? கப்பலில் வரும் அரிசியை எந்தக் குதிரைக்காரனும் மறிக்க முடியாது. ஹைதர் அவரைத் தேடி வர வேண்டியதாயிற்று. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் மணல்மேடுகளையும் கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட் வென்றார். மாடு பற்றாக்குறையால் அவராலும் துரத்த முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இனி எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில், கும்பகோணத்தை ஒட்டிய அன்னகுடியில், கர்னல் பிரெய்த்வெயிட் படையைத் திப்பு வளைத்தார். பிரெய்த்வெயிட் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே செய்தார். நான்கு பக்கமும் வீரர்களை நிறுத்திச் சதுர அணி அமைத்தார். 16ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை அந்தச் சதுரம் குதிரைப் பாய்ச்சல்களைத் தாங்கியது. ஆனால் திப்புவிடம் குதிரை மட்டும் இல்லை. பீரங்கி தூரத்திலிருந்து அடித்துச் சதுரத்தைச் சிறுகச் சிறுகத் தின்றது. கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுக்காரரின் காலாட்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு வந்தபோது அது உடைந்தது. குதிரைக்கு எதிராக நெருங்கி நில் என்பது பாடம். நெருங்கி நிற்பவன் பீரங்கிக்கு நல்ல குறி என்பது அடுத்த பாடம்.

கம்பெனி இதற்கெல்லாம் கண்ட கடைசி விடை, தானும் குதிரை சேர்ப்பது. 1782இல் முதல் பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட் சென்னையில் இறங்கியது. நவாபின் குதிரைப்படைப் பிரிவுகளையும் அதே பத்தாண்டில் கம்பெனி எடுத்துக்கொண்டது. அப்படியும் 1791இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், மாடுகள் செத்ததால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். உதவிக்கு வந்த மராட்டியப் படை அருகில் இருந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. செய்தி கொண்டு வந்தவர்களை வழியிலேயே திப்புவின் குதிரைகள் மறித்துவிட்டன. 1792இல் அவர் ஜெயித்ததற்கு மராட்டிய, நிஜாம் குதிரைகள் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. மாட்டின் மேல் தானியம் ஏற்றிக்கொண்டு நாடெல்லாம் வியாபாரம் செய்த லம்பாடிகள். வேகமான எதிரியை வெல்லப் பயன்பட்டது மெதுவாக நடந்த பொதிமாடு.

கிழக்கே நம் அரியலூர், உடையார்பாளையத்துக்கும் ஒரு சொல். அங்கே பாளையக்காரர்களுக்குக் கோட்டையைவிடப் பெரிய அரண் காடு. முள் அடர்ந்த காட்டில் குதிரைக்கு என்ன வேலை? வெளியில் பத்துப் பேரைச் சமாளிக்கும் குதிரைக்காரன் அங்கே ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். ஆனால் 1765இல் நவாபின் படை கம்பெனியின் காலாட்களோடும் பீரங்கியோடும் வந்தபோது இரண்டு பாளையங்களும் விழுந்தன. குதிரைக்குப் போட்ட பூட்டுக் காலாளுக்குப் பொருந்தவில்லை.

இதுவரை படைத்தலைவர்கள் கதை. எனக்கு வயதாக ஆக, வேறு கணக்குதான் அதிகம் உறுத்துகிறது. இலகு குதிரைப்படை தன் சோற்றைச் சுமந்து வருவதில்லை. பிறகு எங்கே சாப்பிட்டது? ஊர்களில். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று மிச்சத்தைக் கொளுத்தியதும் அதுதான். அந்தக் குதிரையின் காலைத் தட்டுவது என்று மேலே அழகாக எழுதினேன் அல்லவா? அதன் பொருள், குதிரைக்குத் தீனி கிடைக்காமல் செய்வது. அந்தத் தீனி நம் பாட்டன் பூட்டன் களத்தில் கிடந்த வைக்கோல், குழியில் மூடி வைத்த கம்பும் சோளமும். வந்தவன் எடுத்தான், தடுக்க வந்தவனும் எடுத்தான். ஜனங்களுக்கு இருந்த தற்காப்பு, மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்கோ கோட்டைக்கோ ஓடுவது மட்டும்தான்.

1780இல் ஹைதர் கர்நாடகத்துக்குள் இறங்கிய பிறகு விதைப்பும் அறுப்பும் நின்று பஞ்சம் வந்தது. சென்னையில் 1782இல் அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குள் இந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் இருக்கிறது. எந்தப் படைத்தலைவரின் வெற்றிப் பட்டியலிலும் அந்தக் கஞ்சி வரிசையில் நின்றவர்களின் எண்ணிக்கை இல்லை.

ஆகவே மாணவரே, உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இரண்டு பகுதி. படைகளுக்கு ரஞ்சன்குடி முதுகு வைக்கும் சுவர். சுற்றியிருந்த ஊர் ஜனங்களுக்கு அது, தூரத்தில் புழுதி தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் இடம். முதல் பகுதியைப் புத்தகத்தில் படிக்கலாம். இரண்டாவதைப் பேட்டை மதிலுக்குள் நின்று, வெளியே திரும்பிப் பார்த்தால்தான் புரியும். எவ்வளவு தூரம் தெரிகிறது, ஓடி வர எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் அது. சுவரில் பெயர் கிறுக்குவதைப் பார்த்தால் தடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படிக்கிறீர்கள். "குதிரைக்காரன் வந்த காலத்தில்" என்று தொடங்கும் பேச்சு எதையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால், அல்லது குதிரை, பாளையம், பேட்டை என்று முடியும் இடப்பெயர் உங்கள் ஊரில் இருந்தால், கீழே எழுதுங்கள். எண்பது வயதுக்காரர்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்